வேலில்லாத மயில்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நான் எழுதியது நான்கு பக்கக் குறிப்பு. அதைச் சட்டத்தரணி சண்முகலிங்கம் புதுக்கடையிலுள்ள தம் அலுவலகத்தில் வைத்து இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு சொன்னார்:

"பிள்ளை, நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா இது கோட்டுக்கு உதவாது. கதைக்குத்தான் உதவும்."

அவர் ஆறுதலாகச் சொன்னார். நான் சவாலாக எடுத்துக்கொண்டேன்.

வாசகர் முதலிலேயே அறிந்திருக்க வேண்டியவை இவை. 1998 ஓகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்துக்குக் கொட்டாஞ்சேனை முருகன் கோயிலொன்றின் மேற்கு வாசலில் குண்டு வெடித்தது. பூசைக்கு வந்திருந்த பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கொல்வதற்காக வைக்கப்பட்ட குண்டு. காணாமற்போனவர்களின் பட்டியலைச் சபையில் வாசித்தவர் அவர். அதன் இரண்டாம் பகுதியை அடுத்த அமர்வில் வாசிப்பதாகவும் அறிவித்திருந்தார். அவர் பிழைத்தார், இடது காது கேளாமற் போயிற்று. அவருடைய சாரதியும் வாசலில் பூ விற்ற பெண்ணொருத்தியும் இறந்தார்கள். கால் மணி நேரத்துக்குள், செருப்பில்லாத காலோடு ஓடிக்கொண்டிருந்த யேசுரட்ணம் என்ற அச்சகத் தொழிலாளி பிடிபட்டார். பதினெட்டு நாட்களின் பின் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்தக் கையெழுத்தே போதும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் கையெழுத்திட்டவர்தான்.

யேசுரட்ணம் வேலை செய்த அச்சகத்தில்தான் எங்கள் விமர்சன இதழும் அச்சாகிறது. அவருடைய மனைவி மேபல் வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதியோடு வெள்ளவத்தையிலுள்ள என் அறைக்கு வந்தார். "நீங்க எழுதினவங்கள கிழிக்கிறவங்கதானே மிஸ், இதையும் கிழிங்க" என்றார். விமர்சனம் என்ற துறைக்கு இதைவிட நேரான வரைவிலக்கணத்தை நான் வாசித்ததில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"கோயில் மணி ஓய்வதற்குள் எழுந்த அந்த ஓசை—"

விட்டுவிட்டேன். அந்த ஓசையை நான் கேட்கவில்லை. அந்நேரத்தில் வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குச் செய்யுள் நயம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது:

"மேபல் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, மாதாவின் காலடியில் முகம் புதைத்து—"

இதை மேபலே வாசித்தார்.

"இது ஆரு மிஸ்?"

"நீங்கதான்."

"நானா? நான் எப்ப விழுந்து அழுதேன்? ஸ்டேஷன்ல சார்ஜன்ட தொப்பிய மேசைலருந்து தட்டிவிட்டேனே, அத எழுதுங்க. அழுறது எல்லாக் கதைலயும் வருதே."

எழுதிவிட்டேன். தொப்பி விழுந்தது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துத் தைக்கும் ஒரு பெண்ணைக் கத்தோலிக்கர் என்பதற்காக மெழுகுதிரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது என் சோம்பல். எந்த எழுத்தில் இப்படிப்பட்ட சோம்பலைக் கண்டாலும் கிழிப்பவள் நான்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையதல்ல. வாக்குமூலத்தின் ஏழாம் பந்தி:

"நான் மேற்கு வாசலுக்கு வெளியே மதிலோரம் நின்று, கையிலிருந்த காகிதப் பொதியைப் பூ மேசைக்குக் கீழே வைத்தேன். அவ்வேளையில் உறுப்பினரின் மெய்ப்பாதுகாவலர் நால்வரும், கோயில் நிர்வாகத்தின் வேண்டுகோளுக்கு இணங்க, சப்பாத்தையும் மேற்சட்டையையும் கழற்றிவிட்டு, மூலஸ்தானத்தின் முன்னால் கண்களை மூடி வணங்கிக்கொண்டிருந்தார்கள்."

இதை வைத்துத்தான் நான்கு பக்கக் குறிப்பை எழுதினேன். அதன் சாரம் வருமாறு. இந்தப் பந்தியை 'நான்' சொல்கிறது. 'நான்' நிற்கும் இடம் ஒன்பதடி மதிலுக்கு வெளியே. 'நான்' காண்பதோ மூலஸ்தானத்தின் முன்னால் மூடியிருக்கும் எட்டுக் கண்களை. மதிலுக்கு வெளியே நிற்பவன் அவற்றைக் காண முடியாது. உள்ளே நின்றவன் காணலாம், அல்லது உள்ளே நின்றவர்களிடம் கேட்டு எழுதியவன் காணலாம். எனவே இந்த 'நான்' யேசுரட்ணம் அல்ல.

அத்துடன், இந்த விபரம் இங்கே எதற்கு? குண்டு வைத்தவனுக்கு அது வேண்டியதில்லை. பாத்திரத்துக்குத் தேவையில்லாத விபரம் ஒரு பிரதிக்குள் வந்தால், அது எழுதியவருக்குத் தேவைப்படுகிறது என்று பொருள். குண்டு வெடித்தபோது காவலர்கள் ஏன் வாசலில் இல்லை என்பதற்குக் காரணம் வேண்டியிருந்தவர் யாரோ, அவரே இப்பந்தியின் ஆசிரியர். எழுதியவரைத் தேடாதே, எழுதப்பட்டதைப் பார் என்று வகுப்பில் வற்புறுத்துபவள் நான். இப்போது எழுதப்பட்டதைப் பார்த்துக்கொண்டே எழுதியவரைத் தேடுகிறேன்.

(அடிக்குறிப்பு போல: அந்த நால்வரையும் அனுப்பியது ஒரு புலனாய்வுப் பிரிவு. இந்தக் கதையில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'அந்த அலுவலகம்' என்றே எழுதுவேன்.)

சண்முகலிங்கம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து ஒரு நிழற்பிரதியை எடுத்து வைத்தார். கோயில் பரிபாலன சபைச் செயலாளர் இராஜநாயகம் கையெழுத்திட்ட கடிதம். யூலை 20 எனத் திகதியிட்டது. குண்டுக்கு ஒரு மாதம் முந்தியது. சென்ற முறை காவலர்கள் சப்பாத்தோடு உள்வீதிக்கு வந்ததால் அடியார்கள் மனம் வருந்தினர் என்றும், இனிமேல் அவர்களும் சப்பாத்தையும் மேற்சட்டையையும் களைந்து உள்ளே வந்து வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அது கேட்டது.

"இது இருக்கிற வரைக்கும் அவங்கள் உள்ளுக்குப் போனதில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை."

நானும் அதை நம்பினேன். எம்மவரை அறிந்த எவரும் நம்பக்கூடிய கடிதம் அது. போர் நடக்கும் நகரத்தில், துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் சப்பாத்தைப் பற்றி மட்டும் முறையிட எங்களால் முடியும்.

3

குறிப்பு அங்கே நின்றுபோனது. கதை நின்றுவிடவில்லை. ஏனெனில் கதைக்குக் குறிப்புக்கு வேண்டாத ஒன்று வேண்டியிருந்தது: அந்தக் காகிதப் பொதிக்குள் என்ன?

வழக்கின்படி குண்டு. என் வரைவில் நான் "ஏதோ ஒரு பொதி" என்று எழுதியிருந்தேன். 'ஏதோ ஒரு' என்று மாணவர் எழுதினால் சிவப்பு மையால் கோடிடுவேன். எனவே மேபலிடம் கேட்டேன். சட்டத்தரணிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. பொதி வெடித்துவிட்டதென்று அவரும் மனதுக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

"லெட்டர் ஹெட் மிஸ். கோயிலுக்கு அச்சடிச்சது. அத குடுத்திட்டு நேரா வந்திருக்கலாம். சக்கரைப் பொங்கல் தாறோம், நில்லும்னு அந்தச் செயலாளர் பெரியவர் சொல்லியிருக்காரு. கோயில் பொங்கல்னா இவருக்கு உசுரு. பொங்கலுக்காக ஜெயிலுக்குப் போன வேதக்காரன் என் புருசன் ஒருத்தன்தான்."

அச்சகம் கொட்டாஞ்சேனைச் சந்திக்கு அருகில் இருக்கிறது. உரிமையாளர் தாஸிம் நானாவிடம் அந்தக் கடிதத்தாள் எப்படி இருக்குமென்று கேட்டேன். வருணனைக்காகத்தான் கேட்டேன் என்பதை வாசகர் நம்ப வேண்டும்.

"மயிலு மிஸ். மயில் மட்டும். முந்தி மயிலுக்குப் பக்கத்தில வேலும் ஈந்திச்சி. ஓகஸ்ட் தொடக்கத்தில ராஜநாயகத்தார் வந்து, 'தாஸிம், வேலை எடுத்துப்போடு' எண்டாரு. நான் கேட்டன், 'ஐயா, வேல எடுத்தா முருகன் என்னத்த வச்சிக்கிட்டு நிப்பாரு?' எண்டு. 'சென்றியில செக் பண்ணுற ஆமிப் பெடியனுக்கு அது விளங்காது. லெட்டர் ஹெட் கட்டைப் பார்த்திட்டு, இது என்ன ஆயுதமெண்டு என்னை மூண்டு மணித்தியாலம் மறிச்சு வச்சிருந்தான்' எண்டு செல்றாரு."

"புது அச்சுக்கட்டை செய்தீர்களா?"

"எதுக்கு? யேசுரட்ணம் பழைய புளொக்கில இருந்த வேல அரத்தால ராவி எடுத்தாரு. மயில்ட கழுத்தில ஒரு கீறல் விழுந்திச்சி. பரவால்லண்டு வுட்டுட்டோம்."

நீளத் துண்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பொருள் ஒப்படைத்ததற்கான துண்டு, கார்பன் பிரதி. 'கடிதத்தாள், ஐந்நூறு. 21.08.98, பி.ப. 5.40.' கீழே 'இ.நா.' என்ற சுருக்கொப்பம்.

என் பையில் அந்த யூலை மாதக் கடிதத்தின் பிரதி இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். உச்சியில் மயில். வேல் இல்லை. கழுத்தில் கீறல்.

தாஸிம் நானா மயிலைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், மீண்டும் மயிலைப் பார்த்தார்.

"யூலை இருவதா? அப்ப இது பொறக்கவே இல்லியே மிஸ்."

[இங்கே ஒரு பந்தி இருந்தது. நான் அடைந்த பரவசத்தைப் பற்றியது. நீக்கிவிட்டேன். ஒருவர் சிறையில் இருக்கும்போது ஆய்வாளரின் பரவசம் அச்சில் வரக்கூடாது.]

சொல்ல வேண்டியது இதுதான். யேசுரட்ணம் கொண்டுவந்த பொதி குண்டென்று வழக்குச் சொல்கிறது. அந்தப் பொதியிலிருந்த தாளொன்று, ஒரு மாதம் முந்திய திகதியோடு, அதே வழக்கின் கோப்பில் ஆவணமாக இருக்கிறது. வெடித்துச் சிதறிய குண்டிலிருந்து ஒரு தாள் மடிப்புக் குலையாமல் எழுந்து வந்து, தன்னைக் கொண்டுவந்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

4

கோயிலின் மேற்கு வாசலில் செருப்புக் காக்கும் பெண்ணை இந்தக் கதையில் இராமலெட்சுமி என்று அழைக்கிறேன். அவருடைய பெயர் அதுவல்ல. அவருடைய செருப்புத் தட்டி வாசலின் எந்தப் பக்கம் என்பதையும் மாற்றியிருக்கிறேன்.

யேசுரட்ணத்தின் செருப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. குண்டில் தட்டியின் தகரக் கூரை பறந்துவிட்டது. செருப்புகள் கிடந்த இடத்தில் கிடந்தன. மேபல் போய்க் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

"துண்டு கொண்டாங்கம்மா, தாறேன். நம்பர் துண்டு இல்லாம குடுத்தா நாளைக்கு அந்தாளு வந்து என்னைய கேப்பாரே."

துண்டு பொலிசாரிடம் சான்றுப்பொருளாக இருக்கிறது. அந்தாள் வந்து கேட்பார் என்று இந்த நகரத்தில் ஐயமில்லாமல் நம்பியிருப்பவர் இராமலெட்சுமி ஒருவர்தான் என்று மேபல் பிறகு சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

காவலர்களைப் பற்றி நான் கேட்டேன்.

"நாலு பேருங்க. அதுக்கு முன்னாடி எத்தினியோ தடவ வந்திருக்காங்க, ஒரு நாளும் சப்பாத்துக் கழட்டுனதில்ல. வாசல்லயே நிப்பாங்க. அன்னிக்கு ஆறு மணி தாண்டியிருக்கும், நாலு சோடியும் கழட்டி எங்கிட்ட குடுத்தாங்க. சட்டையையும் கழட்டிட்டாங்க."

"துப்பாக்கி?"

"இடுப்புல ஒண்ணையும் காணல. நா நினைச்சேன், இன்னிக்கு என்னா இவ்வளவு பக்தின்னு."

பிறகு அவர் தயங்கினார். நான் குறிப்பேட்டை மூடிய பின்புதான் சொன்னார்.

"அதுல கடைசியா வந்த புள்ள, சின்ன வயசு, சப்பாத்த குடுக்கிறப்ப எங்கிட்ட சிங்களத்துல சொல்லிச்சு. 'அம்மே, ஒயாத் எத்துளட்ட யன்ன. விநாடி தஹயக்.' நீயும் உள்ள போம்மா, பத்து நிமிசம்னு. சாமி கும்பிடச் சொல்லுதுன்னு நா உள்ள போனேன். பூக்காரிகிட்டயும் சொன்னேங்க. யாவாரத்த வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டா."

புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"எழுதுங்க. ஆனா அந்தப் புள்ள மொகத்த அடையாளம் காட்டச் சொன்னா மாட்டேங்க. அது என் உசுர காப்பாத்துன புள்ள."

5

வாசகரே, இங்கே கதையை நிறுத்திவிட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தைத் தேநீர்க்கடைகளில் இந்தத் தாக்குதலைப் பற்றி எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறார்கள். 'அவங்கள்தான்' என்பார் ஒருவர். 'இல்லை, இவங்கள்தான்' என்பார் அடுத்தவர். இரண்டு சுட்டுப்பெயர்களும் யாரைச் சுட்டுகின்றன என்று கேட்டால் இருவரும் குரலைத் தாழ்த்துவார்கள். என் கதை அந்தக் கடைகளில் ஒன்றாகிவிடக் கூடாது. அந்த உறுப்பினரை, ஆயுதம் ஏந்திப் போராடும் இயக்கத்துக்கும் பிடிக்காது. அவர் வாசித்த பட்டியலில் இயக்கத்தால் காணாமற்போனவர்களும் இருந்தார்கள். இதை எழுதாமல் விட்டால் நானும் இன்னொரு ஏழாம் பந்தியை எழுதியவளாவேன்.

முன்திகதியிட்ட கடிதம் எதைக் காட்டுகிறது? குண்டு வெடித்த பின் அந்த அலுவலகத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது என்பதை. அவ்வளவுதான். கவனக்குறைவாக இருந்துவிட்டு வேலை போய்விடுமென்று அஞ்சிய காவலர்களும் இப்படி ஒரு கடிதத்தைத் தேடியிருக்கலாம். கடிதம் மூடிமறைத்தலை நிரூபிக்கிறது. மூடப்பட்டது குற்றமா குறைபாடா என்பதை அது சொல்லவில்லை.

வாக்குமூலத்தின் பார்வைக்கோணம்? அதை எழுதியவர் யேசுரட்ணம் அல்லர் என்பதைக் காட்டுகிறது. குண்டை வைத்தவர் யார் என்பதைக் காட்டவில்லை.

பத்து நிமிடம் உள்ளே போ என்ற சொல்? அது ஒன்றுதான் கவனக்குறைவு என்ற விளக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது. கவனக்குறைவானவன் நேரம் குறித்துச் சொல்வதில்லை. அறிந்திருந்தவன் சொல்வான், அறிந்திருந்தும் மனம் முற்றாக மரத்துப்போகாதவன்தான் சொல்வான். ஆக, அந்த அலுவலகத்தின் முன்னறிவுக்கு என்னிடமுள்ள ஒரே சான்று ஓர் இளைஞனின் இரக்கம். அதை வழங்கியவனையும் பெற்றவரையும் ஒருங்கே அழிக்காமல் அதை மன்றில் வைக்க முடியாது. வைக்க மாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று எழுதுகிறேன். அவர்களே செய்தார்கள் என்று எழுதவில்லை. என் சான்று அவ்வளவு தூரம் நடக்காது. அது நடக்கக்கூடிய தூரத்தில் ஓர் அங்குலத்தையும் யாருடைய அச்சத்துக்காகவும் குறைக்க மாட்டேன்.

மன்றுக்குப் போகக்கூடியது மயில் மட்டுமே. சண்முகலிங்கத்திடம் காட்டினேன். முதல் தடவையாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற மறந்தார்.

"ஆனா பிள்ளை, தாஸிம் தன்ர ஆளைக் காப்பாத்தத் துண்டை எழுதினவர் எண்டுவாங்கள். இராஜநாயகத்தார் வாய் திறக்கோணும். பொதி எப்ப வந்தது, கடிதம் எப்ப எழுதினது, ரெண்டே ரெண்டு கேள்வி. பன்னிரண்டாம் திகதி வழக்கு. அவர் வராட்டி யேசுரட்ணம் வெளியில வரமாட்டார்."

6

இராஜநாயகத்தின் வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில். ஞாயிறு காலை பத்து மணி. வேட்டி கட்டி, முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கதவின் பின்புறத்தில், எங்கள் எல்லோருடைய வீடுகளையும் போல, பொலிசில் பதிந்த குடியிருப்போர் பட்டியல் ஒட்டியிருந்தது. வாசித்து முடித்த பத்திரிகைப் பக்கங்களின் ஓரத்தில் 'இ.நா.' என்ற சுருக்கொப்பமும் அன்றைய திகதியும் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருசம் கந்தோரில கோப்புப் பார்த்த பழக்கம். வாசிச்ச தாளில ஒப்பம் வைக்காட்டி வாசிச்ச மாதிரி இல்லை. மனிசி சொல்லுறா, மருந்துத் துண்டிலயும் வைக்கிறனாம். இரும். நீர் ஊரில எந்தப் பக்கம்?"

"உரும்பிராய், ஐயா."

"உரும்பிராயில ஆற்றை மகள்?"

சொன்னேன். என் பெரியப்பாவோடு ஒரே விடுதியில் இருந்ததாகச் சொன்னார். தேநீர் வந்தது. இந்தச் சடங்கு முடியும்வரை நான் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்:

"ஐயா, யூலைக் கடிதத்தில வேல் இல்லை."

அவர் கோப்பையை வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

"மயிலின்ர கழுத்தில கீறலும் இருக்கு" என்றேன்.

"ஒருத்தன் வந்தவன்" என்றார். "குண்டு வெடிச்சு மூண்டாம் நாள். நல்ல தமிழ், எங்கட தமிழ். 'ஐயா, போன மாசம் ஒரு கடிதம் எழுத இருந்தனீங்கள், மறந்துபோட்டியள்' எண்டான். நான் மறந்துபோட்டனாம்! என்ர இளைய மகன் எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில வேலைக்குப் போறவன் எண்டதையும் சொன்னான். அதையும் நான் மறந்துபோடக்கூடாது எண்டு."

"யேசுரட்ணத்தைப் பொங்கலுக்கு நிற்கச் சொன்னது நீங்கள்."

"ஓம்." அவர் யன்னலைப் பார்த்தார். "நீர் அதை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, பிள்ளை. ஒவ்வொரு வெள்ளியும் பொங்கல் வைக்கினம்."

எழுந்தேன். ஆயினும் விமர்சகரின் கெட்ட பழக்கம், ஒரு விபரம் உறுத்தினால் விடாது.

"வேல் போட்ட பழைய தாள் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லையா, ஐயா?"

"ஏன் இல்லாமல்? அலுமாரியில ஒரு கட்டுக் கிடந்தது."

"அப்ப ஏன் புதுசில எழுதினீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"கைக்கு வந்ததை எடுத்தனான் எண்டு எழுதும்" என்றார்.

எழுதியிருக்கிறேன்.

[மாற்று வாசிப்பு ஒன்று: முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கடிதங்களோடு வாழ்ந்த ஒருவரின் கை எந்தத் தாளை எடுக்கிறதென்று அவருக்குத் தெரியும். இதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை இங்கே வைக்கலாம், இது கதை.]

7

இந்த ஆறு பகுதிகளையும், பெயர்களை மாற்றாத மூலப்பிரதியாக, இராஜநாயகத்திடம் கொடுத்தேன். இராமலெட்சுமியின் பகுதியையும் ஐந்தாம் பகுதியில் அவர் சொன்னதைத் தொடும் பந்தியையும் மட்டும் எடுத்துவிட்டேன். ஒருவரைப் பற்றி எழுதியதை அவர் வாசிக்காமல் அச்சிடுவது முறையல்ல என்று சொன்னேன். அது உண்மை. முழு உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டின் அடியில் இன்னொரு தாளையும் வைத்திருந்தேன். மேலே '8' என்ற இலக்கம், கீழே ஒன்றுமில்லை. முடிவுக்காக விட்ட தாள்.

நான்காம் நாள், நான் வகுப்பில் இருந்தபோது, அவரே வந்து வீட்டுக்காரரிடம் உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'இ.நா.', திகதி. இரண்டே இரண்டு திருத்தங்கள். சோதனைச் சாவடியில் 'மூண்டு மணித்தியாலம்' என்று தாஸிம் நானா சொன்ன இடத்தில், அடித்துவிட்டு 'நாலரை' என்று எழுதியிருந்தார். 'வேட்டி கட்டி' என்று நான் எழுதிய இடத்தில்: 'வேட்டி அல்ல. அன்று சாரம்.'

மற்றவற்றை அவர் திருத்தவில்லை. 'குண்டு வெடிச்சு மூண்டாம் நாள்' என்பதைத் திருத்தவில்லை. '5.40' என்பதைத் திருத்தவில்லை. வீட்டில் உடுக்கும் சாரத்தை வேட்டி என்று எழுதினால் பொறுக்காத ஒரு மனிதர் அந்த வரிகளை அப்படியே விட்டு ஒப்பமிட்டிருக்கிறார்.

எட்டாம் தாளிலும், அந்த வெற்றுத் தாளின் அடியில், அதே ஒப்பம் இருந்தது.

சண்முகலிங்கத்தின் அலுவலகத்தில் நாங்கள் மூவரும் அந்தத் தாளைச் சுற்றியிருந்தோம்: அவர், மேபல், நான். காலை பதினொரு மணி.

"வாசிச்சதுக்கு வைச்ச ஒப்பம் எண்டு சொல்லித் தப்பிடுவார்" என்றார் சண்முகலிங்கம். "ஆனா இந்தத் தாளில மேல ஒரு வரி இருந்தா, பிள்ளை… 'மேற்கண்டவை உண்மை.' இரண்டு சொல். உம்மட கதைக்கு நீர்தானே முடிவு எழுதோணும்?" அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். சொன்னதற்காக அவரை நான் குறை கூறவில்லை.

"எழுதுங்க மிஸ்" என்றார் மேபல். "ரெண்டு சொல்லுத்தானே. உங்க கை வலிக்கவா போகுது?"

பேனை என் கையில்தான் இருந்தது. முதல் முடிவு: நான் எழுதுகிறேன், யேசுரட்ணம் வீட்டுக்கு வருகிறார். இரண்டாவது: நான் எழுதுகிறேன், அது கண்டுபிடிக்கப்படுகிறது, மயிலும் பொய்யாகிறது. மூன்றாவது: நான்—

"மேபல், ஒருத்தற்றை ஒப்பத்துக்கு மேல இன்னொருத்தர் எழுதுறது…" என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

மேபல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதல் தடவையாக, குரல் உயராமல் பேசினார்.

"இவரும் வெறுந்தாள்லதான் ஸைன் வச்சாரு. நாலு தாள். பாக்கப் போனப்ப சொன்னாரு. 'மேபல், என்ன எழுதினானுகளோ தெரியாது, நான் வெறுந்தாள்லதான் வச்சேன்'னு."

வெளியே புதுக்கடைச் சந்தியில் ஒருவன் நீதிமன்ற முத்திரை விற்றுக் கூவிக்கொண்டிருந்தான்.

"பேனையக் குடுங்க மிஸ்."

அவரே எழுதப் போகிறார் என்று நினைத்தேன். கொடுத்தேன். அவர் தாளைச் சுருங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இட்டார், பேனையையும் கைப்பைக்குள் போட்டார், எழுந்தார்.

"எங்க போறீர், பிள்ளை?" என்றார் சண்முகலிங்கம்.

"வெள்ளவத்தைக்கு. கல்கிசை பஸ்ஸில. அந்தப் பெரியவரே எழுதட்டும். என் மொகத்தப் பாத்து எழுதட்டும். இல்லாட்டி என் மொகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்லட்டும். பொங்கலுக்கு நில்லும்னு சொல்லத் தெரிஞ்ச வாய்தானே."

படியில் இறங்கும்போது திரும்பினார்.

"மிஸ், இதையும் எழுதுங்க. நான் அழலன்னு எழுதுங்க."

மேபல் அழவில்லை.

8

இந்த இலக்கத்தின் கீழே நான் முடிவு எழுத மாட்டேன். கையெழுத்துக்கு மேலே எழுதுவது அந்த அலுவலகத்தின் வேலை. இதை நான் எழுதி முடிக்கும்போது, இந்தப் பகுதியின் மூலத்தாள் காலி வீதியில் ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு சொற்கள் ஏறுமா என்பதை இராஜநாயகம் தீர்மானிப்பார். பன்னிரண்டாம் திகதிக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன.

இந்தக் கதையை வேறொரு நாட்டில் நடந்ததாக மாற்றித் தந்தால் வெளியிடலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். மறுத்துவிட்டேன். கொட்டாஞ்சேனை கொட்டாஞ்சேனையாகவே இருக்கும். கீழேயுள்ள இடத்தை வெறுமையாகவே அச்சிட வேண்டுமென்று தாஸிம் நானாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மயிலைப் போட வேண்டாமென்றும்.

வாசகரே, இராஜநாயகம் என்ன செய்வார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்களும் ஏழு பகுதிகளை வாசித்திருக்கிறீர்கள். எதையும் வாசிக்கவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. பிழையிருந்தால் அடித்துத் திருத்துங்கள். பிழை இல்லையென்றால், கந்தோர் வழக்கப்படி, ஓரத்தில் உங்கள் சுருக்கொப்பத்தை இடுங்கள். திகதியையும் இடுங்கள்.

உண்மையான திகதியை.